இருக்கச் சொன்ன பக்கம்

லெச்சுமி கண்ணை இறுக மூடிக்கொண்டு புத்தகத்தின் நடுவே ஒரு செவ்வந்திப் பூவைச் சொருகினாள்.

வெளியே மழை கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. என் அக்கா மரியபுஷ்பத்தின் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கால் வைக்க இடமில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்துப் பெண்களில் பாதிப்பேர் உள்ளே, மீதிப்பேர் வாசல் திண்ணையான இஸ்தோப்பில். ஆளுக்கொரு பையைக் கட்டிக் கையில் வைத்திருந்தார்கள். ஈரத் தலைமுடி வாசமும் அடுப்புப் புகையும் சேர்ந்து மூக்கை அடைத்தன.

"கேளு லெச்சுமி. வாய்விட்டுக் கேளு" என்றாள் அக்கா.

"எறங்கிப் போறதா, இங்கயே இருக்கிறதா?" என்று கேட்டாள் லெச்சுமி. பக்கத்துக் காம்பராவில் அவள் புருஷன் ஆறுமுகம் அண்ணன் கை கால் ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றில் எப்படி இறங்குவது என்பதுதான் அவள் கவலை.

முதல் நாள் மாலைதான் நான் பதுளையிலிருந்து அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். நமுனுகுல மலை கண்ணில் படவே இல்லை, அவ்வளவு மேகம். விடிந்ததும் செய்தி வந்துவிட்டது. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் தேயிலைக்குள்ளே மண் வெடித்திருக்கிறது, லயத்தைக் காலி பண்ணி எல்லாரும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அதைச் சொல்ல அரசாங்க உத்தியோகம் பார்க்கும் ஒரு சின்னப் பெண்ணும் குடையும் கையுமாக வந்து வாசலில் நின்றாள். இவர்களோ பையைக் கட்டி முடித்துவிட்டு, கிளம்புவதற்கு முன்னால் பூப் போட்டுப் பார்க்க அக்காவிடம் வந்துவிட்டார்கள்!

அக்கா பூ விழுந்த பக்கத்தைத் திறந்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். படித்தாள்.

அந்தப் பக்கத்தை நான் சின்ன வயதிலிருந்தே அறிவேன். தனிமையைப் பற்றிய பகுதி அது. தன் அறைக்குள்ளேயே தங்கியிருப்பவனுக்கு மன அமைதி உண்டு, வெளியே சுற்றப் போகிறவன் எதையாவது தொலைத்துவிட்டுத்தான் திரும்புவான் என்கிற அர்த்தத்தில் போகும். அக்கா முடிக்கக்கூட இல்லை.

"பாத்தீங்களா! இருக்கச் சொல்லுது!" என்றாள் ஒருத்தி.

பொத்து பொத்தென்று பைகள் தரையில் விழுந்தன. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

அது என்ன புத்தகம்?

போன வாரம் இந்தத் தொடரில் அக்காவின் புத்தகத்தைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், பதுளை பஸ் நிலையத்தில் என்னை மறித்துக் கேட்கிறார்கள். "டீச்சர், அந்தப் புத்தகத்தின் பெயர் என்ன?" ஐயா, முதல் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது! அட்டையும் கிடையாது. லயத்தில் அதற்கு 'சின்னப் பொஸ்தகம்' என்றுதான் பெயர். பெரிய புத்தகம் என்றால் பைபிள்.

எங்கள் அப்பா மாதா கோயில் பங்களாவில் வேலை பார்த்த காலத்தில், தன் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரச் சாமியார் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது. ஐரோப்பாவில் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால் மடத்தில் இருந்த ஒரு துறவி, தன்னைப் போன்ற துறவிகளுக்காக எழுதிய பக்தி நூல். இயேசுவின் பின்னால் எப்படி நடப்பது என்பதுதான் விஷயம். பெருமை வேண்டாம், பேச்சைக் குறை, உன்னைச் சின்ன ஆளாக நினை, வருவதைப் பொறுத்துக்கொள். லத்தீனில் எழுதியதை எந்தக் காலத்திலோ தமிழாக்கியிருக்கிறார்கள். ஒரு வாக்கியம் இந்த மலையில் ஏறினால் அடுத்த மலையில்தான் இறங்கும். மூச்சு வாங்கும்.

எனக்கும் அதற்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. நான் பட்டாசு. தோட்டத்துப் பாலர் பாடசாலையில் பிள்ளைகளை மேய்த்த காலத்தில்கூட என் குரல் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரைக்கும் கேட்கும் என்பார்கள். பொறுமை பற்றி எவனாவது எனக்குச் சொன்னால் இருக்கிற கொஞ்சப் பொறுமையும் போய்விடும்.

அக்கா அப்படி இல்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கால் கழுவி, தேத்தண்ணி குடித்து, விளக்கடியில் அந்தப் புத்தகத்தோடு உட்காருவாள். ஒரு பக்கம் படிப்பாள். மூடி வைத்துவிட்டுச் சும்மா இருப்பாள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள், ஏன் என்று யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. நான் துருவித் துருவிக் கேட்டபோது, "எனக்கு இதுவே நெறைஞ்சு போச்சு பிலோ" என்றாள். பிலோ என்றால் நான்தான், பிலோமினா.

காணாமல் போன சேவல்

பூப் போடும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவள் லெச்சுமி. அவள் மாரியம்மனுக்கு விரதம் இருப்பவள். அந்த லயத்தில் எங்களைத் தவிர எல்லாருமே கோயில் கும்பிடுகிறவர்கள்தான். புதுப்பெண்ணாக வந்த லெச்சுமி, அக்கா தினமும் ஒரே புத்தகத்தைப் படிப்பதைச் சுவர் இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். அப்படியென்றால் அதற்குச் சக்தி இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். கோயிலில் பூக் கேட்பது போலவே செவ்வந்தியும் கையுமாக வந்து நின்றாள்.

"எங்கயாச்சும் ஒரு பக்கத்துல வச்சிக்கிறேன். என்னா சொல்லுதுன்னு பாத்துச் சொல்லு புஷ்பம்."

அக்கா மறுக்கவில்லை. பூ விழுந்த பக்கத்தைப் படித்துக் காட்டினாள். பிறகு எழுந்து போய்ப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. அவ்வளவுதான், புத்தகத்தின் பேர் லயமெல்லாம் பரவிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த கேள்விகளைக் கேட்க வேண்டுமே! மகனைக் கொழும்பு ஹோட்டலுக்கு அனுப்பலாமா? மாப்பிள்ளை வீட்டாரை நம்பலாமா? ஒருவருடைய சேவல் காணாமல் போனது. பூப் போட்டார். உலகப் பொருள்மேல் ஆசை வைக்காதே என்கிற இடத்தில் விழுந்தது. மனுஷன் அன்றே தேடுவதை விட்டுவிட்டார். மறுநாள் சேவல் தானாகவே வந்து கூரைமேல் ஏறிக் கூவியது. அதன் பிறகு அந்தப் புத்தகத்துக்கு இருந்த மவுசு தோட்டத்தை ஆளும் பெரியதொரைக்குக்கூடக் கிடையாது.

ஒரு முறை பங்குச் சாமியார் வந்தவர், பக்கமெல்லாம் செவ்வந்திச் சாயம் ஏறி மஞ்சள் பூத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இதைச் சோசியமாக்கிட்டீங்களேம்மா!" என்று கோபப்பட்டார். அக்கா சொன்னாள்: "சாமி, என்ன கேட்டாலும் அது ஒரே பதிலத்தான சொல்லுது? அதக் கேக்கத்தான் இவங்க வாராங்க." சாமியார் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

என்னைத் திட்டுங்க

தொழிற்சங்கத்துப் பையன்களுக்கு இந்தப் புத்தகம் பிடிக்காது. "பொறுத்துக்கன்னு சொல்லுற பொஸ்தகம் தொரைமாருக்குத்தான் நல்லது" என்பார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அந்தக் கட்சிதான். தலைமுறை தலைமுறையாகப் பொறுத்த சனத்துக்குப் பொறுமையைப் பற்றிப் புத்தகம் வேறா?

ஆனால் ஒரு காலை நடந்ததை என்னால் மறக்க முடியாது. பெரட்டில் சின்னதொரை ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைப் பிடித்து வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். அவள் பிந்தி வந்துவிட்டாளாம். பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். கணக்கப்பிள்ளை காதில் விழாதது போல வானத்தைப் பார்த்தார். பட்டாசாகிய நான் பாலர் பாடசாலை வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"அய்யா, அவளத் திட்டாதீங்க. புள்ளத்தாச்சி. என்னத் திட்டுங்க. எனக்கு அது ஒண்ணும் பண்ணாது."

கேலியும் இல்லை, கோபமும் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது போலக் கேட்டாள். நின்றுகொண்டே இருந்தாள். அந்த மனுஷன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நான் ஓடிப்போய், "எங்கயிருந்து அக்கா வந்துச்சு ஒனக்கு இந்தத் தைரியம்?" என்று கேட்டேன். "ஒருத்தர் ஏசுறதால நான் கொறைஞ்சா போவேன்? நல்லவன்னு சொன்னா கூடியா போவேன்? அதுலதான் போட்டிருக்கே" என்றாள். கேட்டுக் கேட்டு அந்தப் புத்தகம் எனக்குச் சலித்துப்போயிருந்தது, அது இப்படியும் வேலை செய்யும் என்று தெரியாது.

தட்டை நாட்டுச் சாமியார்

இப்போது மழைக்குத் திரும்புவோம். பைகள் தரையில் கிடக்கின்றன. வாசலில் நின்ற உத்தியோகத்தர் பிள்ளை, கௌசி என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, குடையை மடக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அம்மாமார், என்ன செய்யிறியள்? நிண்டு கதைக்க நேரமில்லை. மேல வெடிப்பு பெருத்துக்கொண்டு வருது. கெதியா வெளிக்கிடுங்கோ!"

"பொஸ்தகம் இருக்கச் சொல்லிருச்சும்மா" என்றாள் லெச்சுமி. அந்த முகத்தில் எவ்வளவு நிம்மதி! புருஷனை இனித் தூக்க வேண்டாம்.

கௌசி என்னைப் பார்த்தாள். நான் வெடித்தேன்.

"அடியேய், அந்தச் சாமியார் இருந்தது தட்டையான நாடுடீ! படத்துல பாத்திருக்கேன், தோசைக்கல்லு மாதிரி கெடக்கு! அவரு தலைக்கு மேல தேயிலை மலையா நின்னுச்சு? காம்பராவுக்குள்ள இருன்னு அவரு சொல்லலாம். மீரியபெத்தையில இருந்த சனம் காம்பராவுக்குள்ளதான இருந்துச்சு?"

மலை சரிந்து லயங்களையே மண் மூடிவிட்ட தோட்டம் அது, எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் பையைத் தொடவில்லை. வீட்டை விட்டுப் போக மனசே இல்லாதவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதை விடுவார்களா?

"அப்ப இன்னொரு பூப் போடு!" என்றேன்.

"ஒரு கேள்விக்கு ஒரு பூதான்" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில். கோயில் சட்டம் அது. அக்காவும் மாற்ற மாட்டாள்.

அப்போது மேலே எங்கோ ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. கல் ஒன்று உருண்டு இன்னொரு கல்லில் முட்டிய சத்தம். இஸ்தோப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் பீலியில் எப்போதும் தெளிவாக வரும் தண்ணீர் செம்மண் குழம்பாக வந்துகொண்டிருந்தது.

"அக்கா! நீ சொல்லு! நீ சொன்னா கேப்பாங்க!"

யாருடைய காம்பரா?

அக்கா அந்தப் பக்கத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரலை வைத்து மெதுவாக மறுபடியும் படித்தாள். எனக்கென்றால் அவள் கையிலிருந்து பிடுங்கி எறியலாம் போல இருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"லெச்சுமி, இதுல என்னா போட்டிருக்கு? ஒன்னோட காம்பராவுல இருன்னு போட்டிருக்கு. சரிதான?"

"ஆமா."

"இது யாரு காம்பரா?"

லெச்சுமி முழித்தாள். "என்னா புஷ்பம், ஒன் காம்பராதான்."

"எப்புடி ஏங் காம்பரா ஆகும்? ஒறுதிப் பத்திரம் இருக்கா? எங்கப்பா பேருல இருந்துச்சா, எம் பேருல இருக்கா? இது தோட்டத்துக் காம்பரா. ஒன்னோடதும் அப்புடித்தான். நாளைக்கே வெளியே போன்னா நாம போகணும். அந்தச் சாமியாருக்கு இருன்னு சொல்ல ஒரு காம்பரா இருந்துச்சு. நமக்கு ஏதுடீ? நம்மளுக்கு இந்தப் பக்கம் பொருந்தாது. எந்திரி."

அடேயப்பா! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகையா, சந்தோஷமா, கோபமா என்று இன்றைக்கும் தெரியாது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது நாங்கள், கூரைத் தகரம் பறந்தால் கல் தூக்கி வைத்தது நாங்கள். அது எங்களுடையது இல்லை என்று அக்கா இத்தனை பேர் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒரு கை பையை எடுத்தது. பின்னால் எல்லாக் கைகளும் எடுத்தன.

அக்கா புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்துக் காம்பராவுக்கு ஓடினாள். ஆறுமுகம் அண்ணனைக் கம்பளியோடு சேர்த்து அக்கா தலைப்பக்கம், லெச்சுமி கால்பக்கம், நானும் கௌசியும் இடுப்புப் பக்கம். கௌசியின் குடை எங்கே போனதோ! சேற்றில் அந்தப் பிள்ளையின் செருப்பும் போய்விட்டது. "விட்டிடாதேங்கோ அக்கா, விட்டிடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆறுமுகம் அண்ணன் மழையில் கண்ணை மூடிக்கொண்டு, பேசவராத வாயால் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூட வாசலை எட்டியபோதுதான் நான் அலறினேன். "அக்கா! பொஸ்தகம்!"

"ரெண்டு கையும் இங்கதான இருக்கு" என்றாள், ஆறுமுகம் அண்ணனின் தலையைத் தாங்கியபடியே.

மதியத்துக்குள் மலை இறங்கிவிட்டது. நான் அதைப் பார்க்கவில்லை, கேட்டேன். லாரி லாரியாகக் கல் கொட்டுவது போலத் தொடங்கி, நிற்காமல் வந்தது. மழை வெளுத்த பிறகு ஏறிப் பார்த்தபோது லயத்தின் ஒரு பாதி இருந்தது, எங்கள் பாதி இல்லை. அந்த இடத்தில் வேரோடு ஒரு தேயிலைச் செடி நின்றது, கொழுந்து அப்படியே இருந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஒரு உயிர்கூட!

புத்தகம் இல்லாத பூ

பள்ளிக்கூட மண்டபத்தில் சேலையைக் கட்டிக் குடும்பத்துக்கு ஒரு மூலையாகப் பிரித்துக்கொண்டார்கள். நாட்கள் போயின. சோற்றுப் பொதி வந்தது, பாய் வந்தது, படம் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். பாதி நிற்கும் லயத்துக்கே திரும்பிப் போகலாமே என்று சிலர் பேசத் தொடங்கினார்கள்.

ஒரு பகல் லெச்சுமி எங்கிருந்தோ ஒரு செவ்வந்தியைப் பறித்துக்கொண்டு அக்காவிடம் வந்தாள். சொருகப் புத்தகம் இல்லை. அக்காவின் உள்ளங்கையை விரித்து, பூவை அதில் வைத்து மூடினாள்.

"நீயே சொல்லு புஷ்பம். இனி என்னா செய்யிறது?"

பொறுத்திரு என்று சொல்லப்போகிறாள் என்று நான் அடித்துச் சொல்லியிருப்பேன். இத்தனை வருஷமாக அதுதானே பதில்!

"அன்னைக்கு விழுந்த பக்கம் நமக்குப் பொருந்தல இல்ல?" என்றாள் அக்கா. "பொருந்துற மாதிரி செய்யணும். ஒறுதியோட காணி கேப்போம். வாங்க."

எல்லாரும் போனோம். அதிகாரி எந்த அலுவலகம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். கெட்டவர் இல்லை. மேசை நிறையக் கோப்புகளை வைத்துக்கொண்டு களைத்துப்போயிருந்தார். "இவ்வளவு காலம் பொறுத்தீங்கம்மா. இன்னும் கொஞ்சம் பொறுமையா இருங்க" என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"பொறுமையா இருக்கத்தாங்க அய்யா எடம் கேக்குறோம்" என்றாள்.

பெரட்டில் சின்னதொரையிடம் பேசிய அதே குரல். அவர் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அன்றே நடந்துவிடவில்லை. போனோம், வந்தோம், மறுபடியும் போனோம். கௌசி எங்கள் கூடவே அலைந்தாள். ஒவ்வொரு தடவையும் அக்கா அதே வார்த்தையை அதே குரலில் சொன்னாள். அவர்களுக்குத்தான் அலுத்தது, அவளுக்கு அலுக்கவில்லை.

போன வாரம் காணி அளந்து கொடுத்தார்கள். உறுதியில் மரியபுஷ்பம் என்று அவள் பெயர். கீழே ரோட்டுப் பக்கம், மேட்டுநிலமாக, தலைக்கு மேல் மலை இல்லாத இடம். முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். பக்கத்துத் துண்டு லெச்சுமிக்கு. அவள் தன் முளைகளுக்கெல்லாம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் சந்தோஷத்தில் கத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடினேன். கதவு இந்தப் பக்கம், சன்னல் அந்தப் பக்கம், அடுப்படி இங்கே என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அக்கா கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். நடுவில், வெறும் மண்ணில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மழை தூற ஆரம்பித்தது. ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தது.

"அக்கா, எந்திரி! நனையப் போற. பஸ்ஸும் வந்துருச்சு, வா போவோம்!"

"நீ போ பிலோ" என்றாள். "என்னய இருக்கச் சொல்லியிருக்கு."